சுவிட்சை அணைத்தால் கரண்ட் போய்விட்டதா? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சீலிங் லைட் பற்றித்தான். காரணம் தெரியாமலில்லை. தீபாவளி முற்பணம் கைக்கு வந்ததும் முதலில் சுவருக்கு வெள்ளையடிப்போம், அடித்து முடித்து அண்ணாந்து பார்த்தால் பூச்சி செத்துக் கிடக்கிற பழைய லைட் கண்ணை உறுத்தும். சரி, ஒன்றொன்றாகப் பார்ப்போம். முதல் கடிதத்துக்கு மட்டும் கொஞ்சம் நீளமாகவே எழுதியிருக்கிறேன், மற்றவர்கள் கோபிக்க வேண்டாம்.

கேள்வி: அண்ணா, எங்களுடையது தோட்டத்து லயத்தில் (வரிசை வீடுகளில்) கடைசியாக இருக்கிற தொங்கல் வீடு. முன் காம்பராவில் மாமா காலத்து நாலடி ட்யூப் லைட், எரிய ஐந்து நிமிடம் எடுக்கிறது, எரிந்த பிறகும் இரைகிறது. ஹட்டன் டவுனில் வட்டமான எல்ஈடி சீலிங் லைட் ஒன்று வாங்கி வந்துவிட்டேன். வீட்டுக்காரர் கொழும்பில் வேலை, தீபாவளிக்கு முதல் நாள்தான் வருவார். வயரிங் செய்கிற தம்பி "நாளைக்கு வாறேன் அக்கா" என்று சொல்லி மூன்று கிழமை ஆகிவிட்டது. "சுவிட்சை அணைச்சிட்டு மாத்து, நான் அப்படித்தான் மாத்தினேன்" என்கிறார் மாமா. நானே மாற்றலாமா? சீலிங் அஸ்பெஸ்டஸ் ஷீட். (தலவாக்கலைப் பக்கத்து டிவிசன் ஒன்றிலிருந்து ஒரு வாசகி)

பதில்: மாற்றலாம் தங்கச்சி. பழைய லைட் இருந்த இடத்திலேயே, ஏற்கெனவே வந்திருக்கிற வயரிலேயே புதிய லைட்டை மாட்டுவது நிதானமான கை உள்ள யாரும் செய்யக்கூடிய வேலைதான். புதிதாக வயர் இழுப்பது, சுவிட்ச் இடம் மாற்றுவது, மெயின் பொக்ஸில் கை வைப்பது இதெல்லாம் அந்த மூன்று கிழமைத் தம்பிக்கே இருக்கட்டும். ஆனால் மாமா சொன்ன வழி மட்டும் வேண்டாம். அவர் உயிரோடு இருக்கிறார் என்பது அவருடைய அதிர்ஷ்டத்துக்குத்தான் சாட்சி, அந்த வழிக்கு இல்லை.

ஏன் என்று சொல்கிறேன். லைட்டுக்கு இரண்டு வயர் போகிறது. ஒன்றில் கரண்ட் வருகிறது, அது லைவ். மற்றது திரும்பிப் போகிற வயர், அது நியூட்ரல். சுவரில் இருக்கிற சுவிட்ச் இந்த இரண்டில் ஒன்றைத்தான் வெட்டுகிறது. முறையாகச் செய்தவன் லைவை வெட்டியிருப்பான். கைக்கு வந்த வயரைச் சுவிட்சில் கொடுத்தவன் நியூட்ரலை வெட்டியிருப்பான், அப்படிச் செய்தாலும் லைட் எரியும், அணையும், யாருக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் அணைந்திருக்கிற லைட்டின் ஹோல்டர் வரைக்கும் 230 வோல்ட் வந்து காத்துக்கொண்டிருக்கும். எனக்கு 22 வயதில் கொட்டகலையில் ஒரு வீட்டில் இப்படித்தான் ஆனது. சுவிட்சை நானே அணைத்தேன், நானே ஏறினேன், பிளேயர் வயரைத் தொட்டதுதான் நினைவிருக்கிறது, அடுத்து நினைவிருப்பது தரை. இடது மணிக்கட்டு இன்றைக்கும் குளிர் காலத்தில் வலிக்கும். அந்த வீட்டு வயரிங்கைச் செய்தவர் கெட்டிக்காரர் என்று ஊரே சொல்லும்.

நம் பக்கத்து வீடுகளுக்கு இன்னொரு வரலாறும் இருக்கிறது. பழைய லக்ஷபான மின்நிலையம் ஓடத் தொடங்கியது 1950இல். தண்ணீர் நம் மலையில் விழுந்ததுதான், ஆனால் பல தோட்டங்களில் லயத்துக்குள் கரண்ட் வர அதற்குப் பிறகு இன்னும் பல பத்தாண்டுகள் போனது. வந்த பிறகும் ஒரே நேரத்தில் வீடு முழுக்க வயரிங் செய்ய யாரிடம் காசு இருந்தது? முதலில் முன் காம்பரா, இரண்டு வருடம் கழித்துக் குசினி, மகளுக்குக் கல்யாணம் என்றபோது இஸ்தோப்பை அடைத்து அங்கே ஒரு பல்ப். ஒவ்வொன்றையும் ஒவ்வொரு கை செய்திருக்கும். பக்கத்து வீட்டு மீட்டரிலிருந்து ஒரு வயர் இழுத்து, பிறகு சொந்த மீட்டர் வந்தும் அந்தப் பழைய வயரைக் கழற்றாமலே விட்ட வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அந்த மாதிரி வீட்டில் உங்கள் மெயின் சுவிட்சையே அணைத்தாலும் ஒரு வயரில் கரண்ட் இருக்கும், ஏனென்றால் அது உங்கள் கரண்டே இல்லை. ஆகவே சுவிட்சையும் நம்ப வேண்டாம், வயர் நிறத்தையும் நம்ப வேண்டாம், மாமாவையும் இந்த ஒரு விஷயத்தில் நம்ப வேண்டாம்.

இப்போது வேலைக்கு வருவோம். காலையில் செய்யுங்கள். மெயினை அணைத்தால் வீடு இருட்டு, மூன்று மணிக்கு மேல் மிஸ்ட் இறங்கினால் பகலும் இருட்டு. இது ஐப்பசி, பின்னேரமானால் இடி மின்னல் வேறு. வானம் உறுமத் தொடங்கினால் வேலையை அப்படியே விட்டு இறங்கிவிடுங்கள்.

முதலில் லைட்டைப் போடுங்கள். அது எரிந்துகொண்டிருக்கும்போதே போய் மெயின் சுவிட்சை அணையுங்கள். லைட்டும் அணைய வேண்டும். அணையவில்லை என்றால் நான் சொன்ன பக்கத்து வீட்டுக் கதைதான், வேலையை நிறுத்திவிட்டு எலக்ட்ரீசியன் வரும்வரை காத்திருங்கள். அந்தக் காம்பராவுக்கான சின்ன ப்ரேக்கரை மட்டும் அணைத்தால் போதாதா என்று கேட்பீர்கள். அந்தச் சின்ன ப்ரேக்கர் பெரும்பாலும் லைவை மட்டும்தான் வெட்டும். மெயின் சுவிட்சும், கரண்ட் ஒழுகினால் தானாக விழுகிற ட்ரிப் சுவிட்சும் இரண்டு வயரையும் வெட்டும். யார் யாரோ செய்த வயரிங்கில் இரண்டும் வெட்டப்படுவதுதான் நிம்மதி. ஃப்ரிட்ஜ் அரை மணி நேரம் நின்றால் ஒன்றும் ஆகாது.

அணைத்த பிறகு அந்தப் பொக்ஸுக்குப் பக்கத்தில் வேறு யாரும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். "கரண்ட் இல்லையே, ட்ரிப் ஆகியிருக்கும்" என்று பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை நல்லெண்ணத்தோடு தூக்கி விடும். ஒரு காகிதத்தில் "தொடாதே, அம்மா மேலே" என்று எழுதி ஒட்டுங்கள். மாமாவை அங்கே கதிரை போட்டு உட்கார வையுங்கள், அவருக்கும் ஒரு வேலை.

அடுத்தது டெஸ்டர். உள்ளே சின்ன விளக்கு இருக்கிற அந்த ஸ்க்ரூ ட்ரைவர் எல்லார் வீட்டிலும் இருக்கும், எல்லாரும் அதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புவார்கள். அது உங்கள் உடம்பு வழியாக மிகச் சின்னக் கரண்ட் போனால்தான் எரியும். நீங்கள் ரப்பர் செருப்போடு மர ஏணியில் நின்றால் மங்கலாகத்தான் எரியும், ஜன்னல் வெளிச்சத்தில் அது கண்ணுக்கே தெரியாமல் போகலாம். பக்கத்தில் இன்னொரு லைவ் வயர் ஓடினால் செத்த வயரிலும் எரிந்து ஏமாற்றும். ஆகவே மெயினை அணைப்பதற்கு முன்பே, கரண்ட் இருக்கிற ஒரு ப்ளக்கில் அதை வைத்து எரிகிறதா என்று பார்த்துவிடுங்கள். அணைத்த பிறகு சீலிங்கில் இருக்கிற ஒவ்வொரு வயரிலும் வையுங்கள், ஒன்று இரண்டோடு நிறுத்த வேண்டாம். பிறகு அந்த டெஸ்டர் இன்னும் உயிரோடுதான் இருக்கிறதா என்று கரண்ட் உள்ள இடத்தில் மீண்டும் பார்க்க வேண்டும், உங்கள் வீட்டு மெயின் அணைந்திருப்பதால் பக்கத்து வீட்டுப் ப்ளக்கில் வைத்துப் பாருங்கள். இது அலுப்பாக இருக்கும். இதைச் செய்யாமல் விட்டவர்களைத்தான் நான் ஆஸ்பத்திரியில் பார்த்தேன். யாரிடமாவது மல்ட்டி மீட்டர் இருந்தால் இன்னும் நல்லது, வாங்கி வந்து லைவுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே ஒரு முறை, ஒவ்வொன்றுக்கும் எர்த்துக்கும் (மண்ணுக்கு இறங்குகிற காப்பு வயர்) நடுவே ஒரு முறை வைத்துப் பாருங்கள்.

பழைய லைட்டின் மூடியைக் கழற்றியதும் வயரில் கை வைக்காதீர்கள். போனை எடுத்து இரண்டு பக்கத்திலிருந்தும் படம் எடுங்கள். இரண்டே வயர் வந்தால் கதை சுலபம். ஆனால் சில சீலிங்கில் நாலு, ஆறு வயர் கொத்தாக வந்து நிற்கும், அடுத்த காம்பராவுக்குப் போகிற லைனும் அங்கேயே தொட்டுப் போவதால். அதில் ஒன்று சுவிட்சுக்கு இறங்கித் திரும்பி வருகிற வயர். சிவப்பெல்லாம் ஒன்றாக, கறுப்பெல்லாம் ஒன்றாக முறுக்கிவிட்டால் அழகாகத்தான் இருக்கும், சுவிட்சைத் தட்டினதும் டப் என்று ப்ரேக்கர் விழும், லைவும் நியூட்ரலும் சுவிட்ச் வழியாக நேரே முட்டிக்கொள்கின்றன. கொத்தாக வந்திருந்தால், எந்த இரண்டு வயர் பழைய லைட்டுக்குள் போனதோ அந்த இரண்டில் மட்டும் டேப் சுற்றி அடையாளம் வையுங்கள். மற்றக் கொத்து எப்படி இருந்ததோ அப்படியே இருக்கட்டும்.

புது லைட்டில் வயர் கொடுக்கும் இடத்தில் எல், என் என்ற ஆங்கில எழுத்து இரண்டு இருக்கும். எல்லில் லைவ், என்னில் நியூட்ரல். வயர் தோலை ஒரு சென்டிமீட்டர் அளவு உரியுங்கள், பல்லால் இல்லை. கனெக்டருக்குள் செம்பு முழுக்கப் போக வேண்டும், வெளியே செம்பு தெரியக் கூடாது, ஸ்க்ரூ தோலைக் கடிக்கக் கூடாது. இறுக்கிய பிறகு ஒவ்வொரு வயரையும் சின்னதாக இழுத்துப் பாருங்கள். வருகிறதா? அப்போ இறுகவில்லை. தளர்ந்த இணைப்புத்தான் சூடாகி, கருகி, கடைசியில் நெருப்பாகிறது. இரண்டு வயரை முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றி விடுகிற பழக்கம் நம் ஊரில் நிறைய. அந்த டேப்பின் பசை சூட்டில் இளகி ஒரு நாள் தானாகக் கழன்று தொங்கும். கனெக்டர் ஒன்றும் பெரிய விலை இல்லை, ஹார்ட்வெயார் கடையில் கேளுங்கள்.

அஸ்பெஸ்டஸுக்கு வருகிறேன். முடிந்தவரை புதுத் துளை போடாதீர்கள். பழைய லைட் பிடித்திருந்த ஸ்க்ரூ ஓட்டைகள் அநேகமாக மேலே ரீப்பையில் (மரச் சட்டத்தில்) இறங்கியிருக்கும், புது லைட்டின் தகட்டை அந்த ஓட்டைக்குப் பொருந்துகிற மாதிரி திருப்பிப் பாருங்கள், அல்லது ஒரு சின்னப் பலகைத் துண்டைப் பழைய ஓட்டையில் முடுக்கி, லைட்டை அந்தப் பலகையில் மாட்டுங்கள். ஷீட் பேசாமல் இருக்கும்வரை தொல்லையில்லை. துளைக்கும்போதும் உடையும்போதும் எழுகிற தூசிதான் நுரையீரலுக்குப் போய் இருபது முப்பது வருடம் கழித்து வேலையைக் காட்டும். விழுந்த தூளை விளக்குமாற்றால் கூட்டாதீர்கள், ஈரத்துணியால் துடைத்துத் துணியோடு சேர்த்துக் கட்டிப் போடுங்கள். இந்த ஷீட்டுக்கும் நம் கொழுந்துக்கும் கூட ஒரு முடிச்சு இருக்கிறது. 2017 டிசம்பரில் பொதியில் வண்டு இருந்ததென்று ரஷ்யா நம் தேயிலையை நிறுத்தியது. 2018 தொடங்கி அஸ்பெஸ்டஸ் இறக்குமதியைக் கட்டுப்படுத்துவதாக அரசு எடுத்திருந்த முடிவும் அதே நாட்களில் தள்ளிப்போனது. அஸ்பெஸ்டஸ் அனுப்புகிற நாடும் ரஷ்யாதான்.

கழற்றிய ட்யூபை உடைக்காமல் வையுங்கள், உள்ளே பாதரசம் இருக்கிறது, ஓடைக்கரையில் எறிய வேண்டாம். மாட்டி முடிந்ததும் சுவர் சுவிட்சை அணைத்த நிலையில் வைத்து, லைட்டின் மூடியையும் போட்ட பிறகே மெயினைப் போடுங்கள், கடைசியாகச் சுவர் சுவிட்ச். ப்ரேக்கரோ ட்ரிப்போ விழுந்தால் திரும்பத் திரும்பத் தூக்கிப் பார்க்காதீர்கள். அணைத்து வைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். யாருக்காவது ஷாக் அடித்தால் தொட்டு இழுக்கக் கூடாது, முதலில் மெயின், பிறகு 1990க்கு அழையுங்கள்.

கேள்வி: நான் தோட்டத்துக் கிளாக்கர் குவார்ட்டர்ஸில் இருக்கிறேன், வெள்ளைக்காரன் காலத்துக் கட்டிடம். சீலிங் ரோஸை (சீலிங்கில் வயரைப் பொருத்துகிற வட்ட மூடி) கழற்றிப் பார்த்தால் ஒரு பக்கம் சிவப்பும் கறுப்பும், மறுபக்கம் பிரவுனும் நீலமும். எது எது ஐயா? (நோர்வூட் வாசகர்)

பதில்: பழைய முறையில் சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். புதிய முறையில் பிரவுன் லைவ், நீலம் நியூட்ரல், பச்சையில் மஞ்சள் கோடு எர்த். ஆக சிவப்புக்குப் பிரவுன், கறுப்புக்கு நீலம் என்று சேரும். ஆனால் உங்கள் மாதிரிக் கட்டிடத்தில் ஒரு பொறி இருக்கிறது. பழைய முறையில் மூன்று ஃபேஸ் லைன் வந்த இடங்களில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றுமே லைவ். பங்களாவுக்கும் ஃபேக்டரிக்கும் பக்கத்துக் கட்டிடங்களில் அந்த வயரின் மிச்சம் எங்காவது இருக்கலாம். நீலம் என்றால் நியூட்ரல் என்று நினைத்துக் கை வைத்தால் முடிந்தது. இன்னொன்று, அந்தக் காலத்து வயர் சிலதில் தோல் ரப்பர். வளைத்தால் பொடிப் பொடியாக உதிரும். உதிர்ந்தால் லைட் மாற்றுகிற எண்ணத்தையே விட்டுவிட்டு முழு வயரிங்கையும் மாற்றும்படி நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுங்கள், கையொப்பமிட்ட பிரதி ஒன்றை உங்களிடமும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கரண்ட் கட் ஆன நேரத்தில் லைட்டை மாற்றினால் ஒன்றும் செய்யத் தேவையில்லைதானே? (மஸ்கெலியா)

பதில்: அப்படி நினைத்துத்தான் 2022இல் பலர் ஏணியில் ஏறினார்கள். அந்த மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கட், நேரம் போட்டு அட்டவணையும் வந்தது, ஆனால் அட்டவணைப்படியா வந்தது கரண்ட்? போகும்போது சொல்லாமல் போகும், வரும்போதும் சொல்லாமல்தான் வரும். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை மின் உபநிலையத்துக்குள் புகுந்த ஒரு குரங்கு நாட்டையே இருட்டாக்கியது. எப்போது திரும்பி வரும் என்று மின்சார சபைக்கே தெரியாத கரண்டை நம்பி வயரைப் பிடிப்பதா? கட் நேரத்தில் ஏறினாலும் மெயின் அணைந்திருக்க வேண்டும். அதோடு, கரண்ட் இல்லாத நேரத்தில் டெஸ்டர் எதற்கும் எரியாது, எது லைவ் என்று கண்டுபிடிக்கவும் முடியாது. கரண்ட் இருக்கிற நாளில் செய்யுங்கள்.

கேள்வி: எல்ஈடி பல்பை அணைத்த பிறகும் இரவில் மின்மினி மாதிரி விட்டு விட்டு மினுங்குகிறது. அம்மா பேய் என்கிறார். பல்பை மாற்றியும் அப்படியே. (பண்டாரவளை)

பதில்: அம்மாவிடம் பேயின் முகவரியைச் சொல்லுங்கள். உங்கள் சுவிட்சில் இருட்டில் தெரிவதற்காக ஒரு சின்னச் சிவப்பு விளக்கு இருக்கிறதா? அது எரிய வேண்டுமானால் துளிக் கரண்ட் பல்ப் வழியாகப் போய்த்தான் ஆக வேண்டும். பழைய குண்டு பல்புக்கு அது கொசுக்கடி, தெரியாது. எல்ஈடிக்குள் இருக்கிற மின்தேக்கி அந்தத் துளியைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, நிறைந்ததும் ஒரு மினுக்கு மினுக்கிவிட்டு, திரும்பச் சேர்க்கத் தொடங்கும். சிவப்பு விளக்கு இல்லாத சுவிட்ச் போட்டால் நின்றுவிடும். சுவிட்சில் விளக்கே இல்லை, ஆனாலும் மினுங்குகிறது என்றால் முதல் பதிலில் சொன்ன சங்கதியாக இருக்கலாம், சுவிட்ச் நியூட்ரலை வெட்டுகிறது. அதை எலக்ட்ரீசியனிடம் காட்டிச் சரிசெய்யுங்கள். அதுவரை அந்த பல்பைக் கழற்றுவதென்றாலும் மெயினை அணைத்துவிட்டுக் கழற்றுங்கள்.

கேள்வி: வீட்டுக்காரி கண்டியில் ஒரு தொங்கு விளக்கு வாங்கிவிட்டார். பித்தளை, ஐந்து கண்ணாடிக் கூண்டு, நாலு கிலோ இருக்கும். இப்போது அங்கே ஒற்றை பல்ப் ஹோல்டர்தான் தொங்குகிறது. அதிலேயே மாட்டலாமா? எர்த் வயர் வேறு இல்லை. (பதுளை)

பதில்: மாட்டக் கூடாது. இரண்டு காரணம், இரண்டும் தனித்தனியே போதும். அந்தப் பிளாஸ்டிக் சீலிங் ரோஸ் ஒரு பல்பையும் ஒரு வயரையும் தாங்கச் செய்தது, நாலு கிலோவை இல்லை. வயர் கரண்டைக் கொண்டுபோகத்தான், பாரத்தைத் தூக்க இல்லை. சீலிங்குக்கு மேலே இருக்கிற தடித்த மரச் சட்டத்தில் ஆழமாக ஒரு கொக்கியை முடுக்கி, விளக்கின் சங்கிலி அந்தக் கொக்கியில் தொங்க வேண்டும். கொக்கியை முதலில் மாட்டி, ஒரு வாளி தண்ணீரைக் கட்டித் தொங்கவிட்டு இரவு முழுக்க விட்டுப் பாருங்கள், கீழே யாரும் படுக்காமல்.

எர்த் விஷயம் அதைவிடப் பெரியது. பித்தளை உடம்புக்குள் எங்காவது லைவ் வயர் தோல் உரிந்து தொட்டால் விளக்கு முழுக்க 230 வோல்ட். எர்த் இருந்தால் அது மண்ணுக்கு இறங்கி ட்ரிப் விழும். இல்லையென்றால் நீங்கள் தூசி துடைக்கத் தொடும் நாள் வரைக்கும் அப்படியே காத்திருக்கும். எர்த்தை நியூட்ரலோடு சேர்த்துக் கட்டுவது, தண்ணீர்க் குழாயில் கட்டுவது இரண்டையும் செய்கிறவர்கள் உண்டு, நீங்கள் செய்ய வேண்டாம். மெயின் பொக்ஸிலிருந்து முறையான எர்த் வயர் இழுக்கச் சொல்லுங்கள். முடியாதென்றால் அந்த விளக்கைக் கடையில் கொடுத்துவிட்டு, சதுரத்துக்குள் சதுரம் போட்ட அடையாளம் உள்ள லைட்டாக வாங்குங்கள், அதற்கு எர்த் தேவையில்லை. வீட்டுக்காரியிடம் யார் சொல்வது என்பது என் பகுதிக்குள் வராத கேள்வி.

கேள்வி: வாசல் லைட்டின் கண்ணாடிக்குள் எப்போதும் தண்ணீர். மழை இரவுகளில் ட்ரிப் விழுந்து வீடே இருட்டு. ஒருவர் வந்து பார்த்துவிட்டு "ட்ரிப்பை எடுத்துவிட்டு டிரெக்ட் பண்ணித் தருகிறேன், தொல்லை தீரும்" என்றார். செய்யலாமா? (நுவரெலியா)

பதில்: அவரை இன்னொரு முறை வீட்டுக்குள் விடாதீர்கள். ட்ரிப் விழுவது தொல்லை இல்லை, அது குரைக்கிற நாய். 30 மில்லி அம்பியர் கரண்ட் தப்பி மண்ணுக்குப் போனாலே வெட்டுகிற பொருள் அது. உங்கள் வாசல் லைட்டில் தண்ணீர் வழியாகக் கரண்ட் ஒழுகுகிறது என்று ஒழுங்காகச் சொல்கிறது. அதில் டெஸ்ட் என்று ஒரு பொத்தான் இருக்கும், மாதம் ஒரு முறை அழுத்திப் பாருங்கள், விழ வேண்டும். அதற்காக ட்ரிப் இருந்தால் எதையும் தொடலாம் என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு கையில் லைவும் மறுகையில் நியூட்ரலுமாகப் பிடித்தால் அது உங்களையும் ஒரு பல்ப் என்றே நினைத்துக்கொள்ளும், வெட்டாது.

தண்ணீர் வருவது மழையால் மட்டுமில்லை. லைட் எரியும்போது உள்ளே காற்றுச் சூடாகி வெளியேறும், அணைந்து குளிரும்போது வெளியே நிற்கிற மிஸ்ட்டை உறிஞ்சிக்கொள்ளும். நுவரெலியாவில் இது தினமும் நடக்கும். புது லைட் வாங்கும்போது பெட்டியில் ஐபி என்று போட்டு இரண்டு இலக்கம் இருக்கும், மழை நேரே படுகிற இடத்துக்கு 65, கூரைக்குக் கீழே ஒதுக்கமான இடத்துக்கும் குளியலறைக்கும் 44 போதும். வயர் லைட்டுக்குள் போவதற்கு முன் கொஞ்சம் கீழே இறங்கி வளைந்து மேலேறிப் போகட்டும், அந்த வளைவிலேயே தண்ணீர் சொட்டிவிடும். மேல் பக்க இடைவெளியை சிலிக்கனால் அடையுங்கள், கீழே சின்ன ஓட்டை இருந்தால் அதை அடைக்காதீர்கள், அது தண்ணீர் வெளியேற வைத்தது. பழைய லைட்டைக் கழற்றுகிற முறை முதல் பதிலில் இருப்பதுதான், ஈரம் காய்ந்த நாளில்.

கேள்வி: மூடி போட்ட லைட்டுக்குள் எல்ஈடி பல்ப் போட்டால் ஆறு மாதம் தாங்குவதில்லை. ஏன்? (ராகலை)

பதில்: வெந்து சாகிறது. எல்ஈடி சுடாது என்பது பாதி உண்மை, வெளிச்சம் வருகிற பக்கம் சுடாது, அடிப்பக்கம் நன்றாகச் சுடும். காற்றுப் போக வழி இல்லாத கூண்டில் அந்தச் சூடு உள்ளே இருக்கிற எலக்ட்ரோனிக் சாமானைத் தின்றுவிடும். வோட்ஸ் குறைந்த பல்பாகப் போடுங்கள், இல்லையென்றால் மூடியைக் கழற்றிவிடுங்கள்.

கேள்வி: ஏணி இல்லை. மேசை மேல் கதிரை வைத்து ஏறலாமா? (பொகவந்தலாவை)

பதில்: ஏணி கேட்டு நாலு வீடு ஏறி இறங்குங்கள் தம்பி. இல்லையென்றால் பிரட்டுக் களத்துப் பக்கம் போய் ஸ்டோரில் கேட்டுப் பாருங்கள். மர ஏணி கிடைத்தால் நல்லது, அலுமினியம் கடைசிக்கு. கீழே ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும், அவர் போன் பார்க்கிற ஆளாக இருந்தால் வேறு ஆளைத் தேடுங்கள்.